இளம் செயலாளரும் மூத்த சிப்பந்திகளும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு இருபத்தைந்து வயதுடைய இளைஞர் ஒருவர் செயலாளராக வந்து சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் பட்டம் பெற்றவர்; கூட்டுறவுப் பயிற்சியும் முடித்தவர்; கணிப்பொறியில் கணக்கு எழுதவும் கற்றவர். ஆயினும், நாற்காலியில் அமர்ந்த முதல் நாளே ஓர் உண்மை அவருக்குப் புலனாகிவிடுகிறது. தலைமைக் குமாஸ்தா, இவர் பிறப்பதற்கு முன்பே அச்சங்கத்தின் பேரேட்டைக் கையில் எடுத்தவர். நூல் கிடங்கைக் கவனிப்பவர் இவரைத் "தம்பி" என்று அழைக்கிறார். நெய்து வந்த துணியை விரித்துப் பார்த்துத் தரம் சொல்லும் பெரியவரோ, எதைக் கேட்டாலும், "இங்கே எப்போதும் இப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார். உத்தரவு போட்டால் எல்லாரும் "ஆகட்டும்" என்கிறார்கள்; ஆனால் ஒன்றும் ஆவதில்லை.

இந்நிலையில் இளைஞர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியைத் தேடுகின்றனர். ஒரு சாரார் குரலை உயர்த்துகின்றனர். விளக்கம் கேட்டுக் காகிதம் அனுப்புகின்றனர். அங்கத்தினர்களுக்கு முன்னிலையில் கடிந்து பேசுகின்றனர். மற்றொரு சாரார், வம்பு வேண்டாம் என்று கருதி, வைத்த இடத்தில் கையெழுத்திட்டுவிட்டுக் காலத்தைக் கழிக்கின்றனர். முதல் வழியில் பகை வளர்கிறது; இரண்டாவது வழியில் பழைய குறைகள் வளர்கின்றன. இரண்டிலும் மரியாதை வளர்வதில்லை.

இது செயலாளருக்கும் சிப்பந்திகளுக்கும் இடையே உள்ள மானப் பிரச்சினைதானே என்று அங்கத்தினர்கள் ஒதுங்கியிருக்க முடியாது. அலுவலகத்தில் இருவர் பேசாமல் இருந்தால், பாவு நூலுக்காக விடியற்காலையில் வந்த நெசவாளி மாலை வரையில் திண்ணையில் காத்திருக்க நேரிடுகிறது. எடை போடுபவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் ஒத்துப் போகாவிட்டால், நிலக்கடலை மூட்டையோடு வந்த விவசாயியின் பணம் ஒரு வாரம் தள்ளிப்போகிறது. ஆகவே, இளம் நிர்வாகி ஒருவர் மூத்த ஊழியர்களின் நன்மதிப்பை எவ்வாறு பெறுவது என்னும் கேள்வி, சங்கத்தின் சொந்தக்காரர்களாகிய நம் அனைவரையும் சார்ந்ததாகும்.

இக்கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டால், கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் ஒருவரின் வாழ்க்கையே நமக்குத் துணை நிற்கிறது. அவர் ராபர்ட் ஓவன். அவரைச் சீர்திருத்தக்காரர் என்ற முறையில் பலரும் அறிவர். ஆனால் அவர் முதலில் ஒரு நூற்பாலை மானேஜர். அதிலும் மிக இளம் வயது மானேஜர் என்பதை நினைவில் வைத்திருப்போர் சிலரே.

வயது போதாத மானேஜர்

ராபர்ட் ஓவன் 1771ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி வேல்ஸ் நாட்டிலுள்ள நியூடவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் செய்பவர். இரும்புச் சாமான்களும் விற்று வந்தார். ஓவனின் பள்ளிப் படிப்பு சிறு வயதிலேயே முடிந்துவிட்டது. பத்து வயதளவில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஸ்டாம்போர்டு என்னும் ஊரிலிருந்த ஒரு துணிக்கடையில் தொழில் பழகுபவராகச் சேர்ந்தார். பின்னர் லண்டனிலும் மான்செஸ்டரிலும் கடைகளில் வேலை செய்தார். துணியின் நயத்தை விரலால் தொட்டறியும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வாய்த்தது.

அடுத்து, மான்செஸ்டரில் ஒரு சில நூற்பு யந்திரங்களை வைத்துக்கொண்டு சொந்தமாகச் சிறு அளவில் நூல் நூற்றார். அச்சமயம் டிரிங்க்வாட்டர் என்பவரின் நூற்பாலைக்கு மானேஜர் தேவை என்ற செய்தி கிடைத்தது. அப்போது ஓவனுக்கு வயது சுமார் இருபது. நேரே சென்று வேலை கேட்டார். முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்து, வயது போதாது என்றார். வாரத்தில் எத்தனை முறை குடிப்பீர் என்றும் கேட்டார். தாம் குடித்ததே இல்லை என்று முகம் சிவக்கப் பதில் கூறிய ஓவன், ஆண்டுக்கு 300 பவுன் சம்பளம் வேண்டும் என்றார். முதலாளி திகைத்தார். தமது சிறு தொழிலிலேயே அவ்வளவு வருமானம் வருகிறது என்று சொல்லி, கணக்குப் புத்தகங்களைக் காட்டினார் ஓவன். வேலை கிடைத்தது.

ஆனால் வேலை கிடைத்த பின்னரே அவருடைய சங்கடம் தொடங்கிற்று. ஆலையில் ஆணும் பெண்ணும் சிறுவருமாக 500 பேர் வேலை செய்தனர். முன்னிருந்த மானேஜர் திறமைசாலி, திடீரென்று விலகிவிட்டார். பொறுப்பை ஒப்படைத்து விளக்கம் சொல்வதற்கு ஆள் இல்லை. அத்தகைய பெரிய ஆலையின் யந்திரங்களை ஓவன் அதற்குமுன் பார்த்ததே இல்லை. அங்கிருந்த மேஸ்திரிகளோ ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

ஆறு வார மௌனம்

அந்த நிலையில் அவர் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. காலையில் வேலை தொடங்கும்போது முதல் ஆட்களோடு தாமும் ஆலையில் நின்றார். இரவில் கதவுகளைத் தாமே பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துச் சென்றார். பஞ்சு வந்து இறங்குவது முதல் நூல் கட்டாகிப் போவது வரையில் ஒவ்வொரு பகுதியாகச் சென்று உற்றுப் பார்த்தார். யாரேனும் வந்து, "இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டால், "ஆம்" அல்லது "வேண்டாம்" என்று மட்டும் பதில் கூறினார். ஆறு வாரங்கள் இவ்வாறே கழிந்தன. அந்த ஆறு வாரங்களில் அவர் தாமாக ஓர் உத்தரவும் இடவில்லை என்று பிற்காலத்தில் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஆறு வாரம் கழிந்ததும் ஆலையின் ஒவ்வொரு நுணுக்கமும் அவர் மனத்தில் பதிந்துவிட்டது. எங்கே பஞ்சு வீணாகிறது, எந்த யந்திரம் சரியாக ஓடவில்லை, எவர் தொழில் தெரிந்தவர், எவர் வாய்ப்பேச்சு மட்டும் உடையவர் என்பதெல்லாம் தெளிவாயின. அதன் பிறகு அவர் கூறிய திருத்தங்கள் தொழில் தெரிந்தவர் கூறும் திருத்தங்களாக இருந்தன. நூலின் நயம் உயர்ந்தது. நமது நெசவாளர்களுக்கு நூலின் நம்பர் என்றால் என்னவென்று நன்கு தெரியும்; ஒரு ராத்தல் நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுவே அதன் நம்பர். ஓவன் பொறுப்பேற்றபோது அவ்வாலையின் உயர்ந்த நூல் 120ஆம் நம்பர். பின்னர் அதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட நம்பர் நூல் அங்கு நூற்கப்பட்டது. "வயது போதாது" என்று சொன்ன முதலாளியே அவரை விட மனமில்லாத நிலைக்கு வந்தார்.

மௌனமாயிருந்தால் மரியாதை வந்துவிடும் என்று இதற்குப் பொருளன்று. அறியாததை அறிந்ததுபோல் பேசாமல் இருந்ததே அவருடைய மௌனத்தின் சாரம். மூத்த தொழிலாளி புதிய அதிகாரியின் முதல் தவறான உத்தரவுக்காகக் காத்திருக்கிறான். அந்த உத்தரவு வராவிட்டால் நகைப்பதற்கு அவனுக்கு இடமில்லாமல் போகிறது. அத்துடன், தன் வேலையை ஒருவர் நாள்தோறும் நின்று கவனிக்கிறார் என்பதே எந்தத் தொழிலாளிக்கும் ஒரு கௌரவமாகும்.

நியூ லானர்க்கில் சந்தித்த எதிர்ப்பு

இதைவிடக் கடினமான சோதனை அவருக்கு ஸ்காட்லாந்தில் காத்திருந்தது. கிளைடு ஆற்றங்கரையில் நியூ லானர்க் என்னும் இடத்தில் டேவிட் டேல் என்பவர் நிறுவியிருந்த நூற்பாலைகளை, ஓவனும் அவருடைய கூட்டாளிகளும் 1799ஆம் ஆண்டில் 60,000 பவுனுக்கு விலை பேசினர். 1800ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதி ஓவன் அங்கு நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

அங்கிருந்த மக்கள் அவரை விரும்பவில்லை. அவர் அயலூரார், அவர் பேச்சும் தங்கள் பேச்சும் வேறு வேறு. புதிதாக வந்தவர் தங்களைக் கசக்கிப் பிழிந்து லாபம் எடுக்கவே வந்திருக்கிறார் என்று அவர்கள் ஐயுற்றனர். குடியும் களவும் மிகுந்திருந்த காலம் அது. மேற்பார்வையாளர்களிலும் பலர் பழைய வழக்கத்தை விட்டுக்கொடுக்க ஒருப்படவில்லை. அவர் எந்தத் திருத்தத்தைச் சொன்னாலும் அதற்குக் குறுக்கே நின்றனர்.

ஓவன் இதனால் தளரவில்லை. மக்களிடையே யாருடைய சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது என்று விசாரித்து அறிந்தார். சிலர் பதவியினால் செல்வாக்குப் பெற்றிருந்தனர். சிலர் இயல்பான திறமையினால் பெற்றிருந்தனர். அவர்களைத் தனித்தனியே அழைத்து, தாம் செய்யப் போவது என்ன, அதனால் அவர்களுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் விளையும் நன்மை என்ன என்பதைப் பொறுமையாக விளக்கினார். அவர்கள் உடனே நம்பிவிடவில்லை; ஆயினும் கேட்கத் தொடங்கினர்.

சொல்லோடு அவர் நிற்கவில்லை. அவ்வூர்க் கடைகளில் மட்டமான சரக்கு, அதிக விலைக்கு, கடனாக விற்கப்பட்டு வந்தது. ஓவன் நல்ல சரக்கை மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஆலையின் கடை மூலம் குறைந்த விலையில் கிடைக்கச் செய்தார். தொழிலாளிகளின் செலவு குறைந்தது. புதியவரின் பேச்சுக்குப் பின்னால் செயலும் இருக்கிறது என்பதை அடுப்படியில் இருந்த பெண்கள் முதலில் உணர்ந்தனர்.

ஆளைப் பிடிக்காமல் களவைப் பிடித்தல்

ஆலையில் நடந்த களவை அவர் நிறுத்திய விதம் நமது கிடங்குகளுக்கு மிகவும் பொருந்துவதாகும். போலீஸை அழைத்துத் திருடனைத் தேடும் வழியை அவர் மேற்கொள்ளவில்லை. சாமான்கள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார். குறைவு ஏற்பட்டால், எந்தக் கட்டத்தில் ஏற்பட்டது என்பது உடனே தெரிந்துவிடும். களவாடுவது கடினமாயிற்று; கொஞ்சம் கொஞ்சமாகக் களவும் நின்றது. இதற்காக ஒருவரையும் அவர் சட்டப்படி தண்டனைக்கு உட்படுத்தவில்லை.

வேலையின் தரத்துக்கும் ஓர் எளிய ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கமுள்ள சிறு மரக்கட்டை ஒன்று தொங்கவிடப்பட்டது. ஒரு பக்கம் கறுப்பு. ஒரு பக்கம் நீலம். ஒரு பக்கம் மஞ்சள். ஒரு பக்கம் வெள்ளை. முந்தைய நாள் வேலை மோசமாயிருந்தால் கறுப்பு, சுமாராயிருந்தால் நீலம், நன்றாயிருந்தால் மஞ்சள், மிகச் சிறப்பாயிருந்தால் வெள்ளை முன்புறமாகத் திருப்பி வைக்கப்படும். அது நாள்தோறும் ஒரு புத்தகத்திலும் பதிவு செய்யப்பட்டது. ஓவன் ஆலையைச் சுற்றி வரும்போது கட்டையைப் பார்ப்பார், ஆளையும் பார்ப்பார், ஆனால் கடிந்து ஒரு சொல்லும் சொல்லமாட்டார்.

தனக்கு இடப்பட்ட நிறம் நியாயமன்று என்று கருதும் எந்தத் தொழிலாளியும், அது புத்தகத்தில் ஏறும் முன்பே நேராக ஓவனிடம் முறையிடலாம் என்பது இதில் மற்றோர் அம்சம். மேற்பார்வையாளர்களுக்கும் இதே முறையில் மதிப்பீடு உண்டு. அளவுகோல் மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் ஒன்றாயிருந்தது. முறையிடும் வழியும் திறந்திருந்தது. தொடக்கத்தில் கறுப்பும் நீலமும் மிகுந்திருந்தன. நாளடைவில் மஞ்சளும் வெள்ளையும் பெருகின.

நான்கு மாதக் கூலி

இவ்வளவு செய்தும், மக்களின் முழு நம்பிக்கை அவருக்குக் கிட்டவில்லை. அது கிட்டியது ஒரு நெருக்கடியின்போதுதான். ஓவன் தம் சுயசரிதையில் 1806ஆம் ஆண்டு என்று குறிப்பிடும் காலத்தில், அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் பிணக்கு ஏற்பட்டு, அமெரிக்கப் பஞ்சு வருவது தடைப்பட்டது. பஞ்சின் விலை ஏறிற்று. பல முதலாளிகள் ஆலைகளை மூடித் தொழிலாளிகளை வெளியே அனுப்பிவிட்டனர்.

ஓவனும் யந்திரங்களை நிறுத்தினார். ஆனால் ஆட்களை நிறுத்தவில்லை. யந்திரங்களைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கும் வேலையைக் கொடுத்து, அனைவருக்கும் முழுக் கூலி வழங்கினார். நான்கு மாதங்கள் இவ்வாறு நடந்தது. 7,000 பவுனுக்கு மேல் செலவாயிற்று. ஒருவர் கூலியிலும் ஒரு காசும் பிடிக்கப்படவில்லை. அன்றுதான் தமக்கு அம்மக்களின் நெஞ்சத்தில் இடம் கிடைத்தது என்று ஓவன் எழுதுகிறார்.

பொறுப்பேற்று ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்குப் பிறகே இது நிகழ்ந்தது என்பதை நம் இளம் செயலாளர்கள் மறக்கலாகாது. ஆறு வாரத்தில் வேலையைக் கற்றுக்கொள்ளலாம். மனிதர்களின் நம்பிக்கையைப் பெற ஆண்டுகள் ஆகும்.

அவரே கைவிட்ட பாடம்

ஓவனின் வாழ்க்கையில் தோல்வியும் உண்டு. அதையும் இங்கே கூறுவதுதான் நேர்மை. 1825ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு முழு ஊரையே விலைக்கு வாங்கி, நியூ ஹார்மனி என்ற பெயரோடு ஒரு பொதுவுடைமைக் குடியிருப்பைத் தொடங்கினார். வந்தவர் அனைவரையும் சேர்த்துக்கொண்டனர். திட்டத்தை அறிவித்துவிட்டு, தம் மகன் வில்லியம் முதலியோரிடம் பொறுப்பை விட்டு, ஓவன் பல மாதங்கள் வெளியே சென்றுவிட்டார். அவர் திரும்புவதற்குள் வீடு போதவில்லை. வேலை தெரிந்தவர் போதவில்லை. யார் எதைச் செய்வது என்பதிலும் சச்சரவு. விதிகளை மாற்றி மாற்றி எழுதியும் பயனில்லை. 1827ஆம் ஆண்டளவில் அம்முயற்சி சிதைந்தது. அவருடைய செல்வத்தின் பெரும் பகுதி அதில் கரைந்தது.

மான்செஸ்டரில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றவர், நியூ ஹார்மனியில் கதவருகே நிற்கவில்லை. கொள்கை உயர்ந்ததாயினும், உடனிருந்து கவனியாதவரின் கையில் அது நிலைப்பதில்லை.

நியூ லானர்க்கிலும் ஒரு குறை இருந்தது. அங்கே எல்லாவற்றையும் தீர்மானித்தவர் ஓவன் ஒருவரே. தொழிலாளிக்கு வாக்கு இல்லை. அவருடைய கருத்துக்களால் ஊக்கம் பெற்றவர்கள் சிலர் உட்பட, இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து முன்னோடிகள் 1844ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21ஆம் தேதி தங்கள் கூட்டுறவுக் கடையைத் திறந்தபோது, ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் முறையால் அக்குறை நீங்கிற்று. நமது சங்கங்கள் அந்த வழியில் வந்தவை. ஆகவே, நம் செயலாளர் முதலாளியும் அல்லர். முதலாளியின் ஆளும் அல்லர். அங்கத்தினர்களின் ஊழியர், மூத்த சிப்பந்தியும் அவ்வாறே. இருவரும் ஒரே எஜமானருக்கு வேலை செய்பவர்கள் என்ற எண்ணம் நிலைத்துவிட்டால், பாதிப் பூசல் தீர்ந்துவிடும்.

நமது சங்கங்களில் செய்யத்தக்கவை

இனி, இப்பாடங்களை நம் ஊருக்கு ஏற்றவாறு பார்ப்போம்.

முதலாவதாக, பொறுப்பேற்கும் நாளில் ரொக்கத்தையும் இருப்பையும் எண்ணிப் பார்த்துப் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் பெறுவதைத் தள்ளிப்போடக் கூடாது. இதை ஒருவர்மீதும் சந்தேகத்தினால் செய்வதாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஒப்படைப்பவருக்கும் ஏற்பவருக்கும் அது பாதுகாப்பு என்று சொல்லிச் செய்யலாம். குறைவு காணப்பட்டால் அன்றே எழுத்து மூலம் நிர்வாகக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். பணத்தில் மௌனம் கூடாது. மற்ற முறைகளை மாற்றுவதிலேதான் ஆறு வாரப் பொறுமை தேவை.

அந்த ஆறு வாரங்களில் கிடங்கில் ஒரு வாரம் உட்காரலாம். பாவும் ஊடையும் எவ்வாறு நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன, கழிவு எவ்வளவு தள்ளப்படுகிறது, துணி எவ்வாறு திரும்பி வருகிறது என்று பார்க்கலாம். ஒரு நாள் நெசவாளியின் வீட்டுக்குச் சென்று, தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, அறுந்த இழையை முடிந்து பார்க்கலாம். விவசாயச் சங்கமாயின், எடை மேடையருகே ஒரு முழு நாள் வெயிலில் நிற்கலாம். மூத்தவர்களைக் கேள்வி கேட்கலாம்; பதிலைக் குறித்துக்கொள்ளலாம். அவர்கள் சொன்னது சரியென்று கண்டால் அதைப் பலரறியச் சொல்லலாம்.

இரண்டாவதாக, அழைக்கும் முறை. ஐம்பத்தைந்து வயதுடையவர் இருபத்தைந்து வயதுடையவரைத் "தம்பி" என்பது நம் ஊர் வழக்கம். அதில் இழிவு இல்லை. செயலாளர் அவரை "ஐயா" என்றோ "அண்ணன்" என்றோ அழைப்பதிலும் குறைவு இல்லை. "தம்பி" என்று அழைத்துக்கொண்டே கிடங்குக் கணக்கைச் சரியாக மாலைக்குள் முடித்துக் கொடுப்பவர், "சார்" என்று அழைத்துக்கொண்டே இழுத்தடிப்பவரினும் மேலானவர். கருத்து வேறுபாட்டை மட்டும் அங்கத்தினர்கள் முன்னிலையில் பேசலாகாது. இவ்விதி இருவருக்கும் பொதுவானது.

மூன்றாவதாக, ஒத்துழைக்காத ஊழியர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர் என்பதை உணர வேண்டும். ஒருவர் அச்சத்தினால் முரண்டுகிறார். கணிப்பொறி வந்தால் தம் கையெழுத்துக்கும் மனக்கணக்குக்கும் மதிப்புப் போய்விடும் என்று அஞ்சுகிறார். அவருக்கு வேண்டியது பயிற்சி. பழைய பேரேட்டிலிருந்து புதிய முறைக்குக் கணக்கை மாற்றும்போது அவர் அருகில் இல்லாவிட்டால் பிழை நேரும் என்பதும் உண்மையே. அதை அவரிடமே சொல்லி, சரிபார்க்கும் பொறுப்பை அவருக்குக் கொடுக்கலாம். மற்றொருவர் மனத்தாங்கலினால் முரண்டுகிறார். தமக்கு வரவேண்டிய பதவி தவறிவிட்டது என்று புழுங்குகிறார். அவருக்கு வேண்டியது காது கொடுத்துக் கேட்கும் ஒரு மனிதர். குறை நியாயமானதாயின் நிர்வாகக் குழுவின் முன் எழுத்தில் வைக்கலாம். இயலாததாயின் இயலாது என்று நேரே சொல்லலாம். பொய்யான உறுதி கொடுக்கலாகாது. மூன்றாமவர் பழைய ஒழுங்கின்மையால் ஆதாயம் பெறுபவர். அவரிடம் இனிய சொல்லும் பயன்படாது; கடுஞ்சொல்லும் பயன்படாது. அவருக்கு வேண்டியது ஓவன் செய்ததுபோன்ற ஏற்பாடு. முதல் இருவரையும் மூன்றாமவராக எண்ணி நடத்துவதே இளம் செயலாளர்கள் செய்யும் பெரும் பிழை.

நான்காவதாக, அந்த ஏற்பாடுகள் யாவை? நூலை நெசவாளியின் கண்ணெதிரே நிறுத்து, அப்போதே அவருடைய புத்தகத்தில் பதிய வேண்டும். துணியில் குற்றம் கண்டு கூலியில் பிடித்தம் செய்தால், குற்றமுள்ள இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து நெசவாளிக்குக் காட்டி, காரணத்தையும் எழுத வேண்டும். நியாயமில்லை என்று கருதினால், துணி கிடங்குக்குள் போகுமுன் அவர் செயலாளரிடம் முறையிட உரிமை வேண்டும். எடை யந்திரத்தின் முகம் விவசாயியின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். சாக்குக்குத் தள்ளும் எடை எல்லாருக்கும் ஒன்றாக, பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இவை வந்துவிட்டால் நேர்மையான சிப்பந்தியின் மேல் வீண் பழி விழாது. ஆகவே நல்லவர்களே இவற்றை முதலில் வரவேற்பார்கள். அவர்கள் செயலாளர் பக்கம் வந்தபின், மற்றவர் தனித்து நிற்பது கடினம்.

அதற்குப் பின்னும் ஒருவர் திருந்தாவிட்டால், மிரட்டிக்கொண்டே காலம் கடத்தலாகாது. குற்றத்தை எழுத்தில் கொடுத்து, விளக்கம் பெற்று, விசாரித்து, நிர்வாகக் குழுவின் முன் வைக்க வேண்டும். பத்து முறை சொல்லி ஒருமுறையும் செய்யாத மிரட்டலே செயலாளரின் சொல்லுக்கு விலை இல்லாமல் செய்கிறது.

ஐந்தாவதாக, நெருக்கடி வரும் நாள். நூல் விலை ஏறும், துணி தேங்கும், கூலி ஒரு வாரம் தாமதமாகும். நமது சங்கம் ஓவனைப்போல் நான்கு மாதக் கூலியை வாரி வழங்க இயலாது. ஆனால், கூலி கொடுக்க இயலாத வாரத்தில் செயலாளர் வெளியூர்ப் பயணம் போகாமல் இருக்க இயலும். கையிருப்பு இவ்வளவு, வரவேண்டியது இவ்வளவு, இன்ன தேதியில் கொடுக்க முயல்கிறோம் என்று தாமே முன்வந்து சொல்ல இயலும். அங்கத்தினரின் கோபத்தைத் தலைமைக் குமாஸ்தாவின் தலையில் கட்டிவிட்டு உள் அறையில் உட்காராமல் இருக்க இயலும். தம்மைக் காக்க முன்னே நின்றவரை எந்தச் சிப்பந்தியும் மறப்பதில்லை.

நிர்வாகக் குழுவினரும் அங்கத்தினரும்

இதுவரை கூறியவற்றைச் செயலாளர் ஒருவரே செய்துவிட முடியாது. நிர்வாகக் குழுவினர் சிலர், பழைய பழக்கத்தினால், சிப்பந்திகளை மாலையில் வீட்டுக்கு அழைத்துச் சங்கத்துச் செய்தி கேட்கின்றனர். அவ்வாறு கேட்கும் ஒவ்வொரு முறையும் செயலாளரின் வேர் ஒன்று அறுபடுகிறது. சிப்பந்திக்குக் குறை இருந்தால் எழுதிக் கொடுக்கட்டும்; குழு கூடும்போது செயலாளரையும் வைத்துக்கொண்டு கேட்கலாம். அதுபோலவே, புதியவருக்கு ஆதரவு என்ற பெயரில் இருபத்தைந்து ஆண்டு உழைத்த குமாஸ்தாவைக் கூட்டத்தில் இகழ்ந்து பேசுவதும் தவறு. அதனால் அவமானம் அடைவது ஒருவர். பகைக்கு ஆளாவது செயலாளர்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "அந்தப் பையனுக்கு என்ன தெரியும்?" என்று கிடங்குத் திண்ணையில் பேசுவது எளிது. அதற்குப் பதிலாக, நூல் எடை சரியாக இருக்கிறதா, கூலிக் கணக்கு ஒழுங்காக வருகிறதா, கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கிறதா என்று பார்த்து, நல்லதை நல்லதென்றும் குறையைக் குறையென்றும் பேரவைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். சங்கம் நம்முடையது, அதில் வேலை செய்யும் இளையவரும் மூத்தவரும் நம்மால் அமர்த்தப்பட்டவர்களே.

கிடங்குச் சாவியை இரவில் யார் பூட்டினார்கள், காலையில் கதவு திறக்கும்போது யார் நின்றார்கள், கூலி இல்லாத வாரத்தில் யார் முன்னே வந்து பேசினார்கள் என்பதை எல்லாச் சங்கங்களிலும் மூத்த சிப்பந்திகள் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். வயதைக் கூட்டிக்கொள்ள ஒருவராலும் இயலாது. இம்மூன்றையும் செய்வது எந்த வயதிலும் இயலும். இளம் செயலாளர்கள் அவற்றிலிருந்து தொடங்குவார்களாக.